ஒன்பது வருடம் அல்ல, பதினெட்டரை

அன்புள்ள ராசா,

இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கிறவரை உன் ராஜினாமாவை யாரிடமும் கொடுத்துவிடாதே. போன வெள்ளிக்கிழமை நீ ஃபோனில் அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். "ஒம்பது வருசம்தானம்மா பாக்கி, தேனியில பன்னெண்டாயிரம் சம்பளத்துக்கு ஒரு வேலை கெடச்சாலும் தவணையக் கட்டிரலாம், மிச்சத்துல கஞ்சி குடிப்போம், சார்ஜா போதும்" என்றாய். நான் "சரிப்பா, ஒன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் மனசு கேட்காமல் நானே உனக்கு ஃபோன் போட்டு, கூரியரில் ஒரு கடிதம் வரும், அதுவரை பொறு என்று மட்டும் சொன்னேன். என்னம்மா விஷயம் என்று நாலு தடவை கேட்டாய். நான் சொல்லவில்லை. ஃபோனில் சொல்லியிருந்தால் நீ உடனே "விடும்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லியிருப்பாய். உனக்கு அந்தக் குணம் உண்டு. அதை வாங்கிக்கொண்டு நானும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன். அப்படி ஒரு மன்னிப்பு எனக்கு வேண்டாம். படித்துவிட்டு, கோபம் வந்தால் கோபப்படு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பழனிசெட்டிபட்டி வீட்டுக் கடன் முடிய இன்னும் ஒன்பது வருடம் இல்லை. பதினெட்டரை வருடம் இருக்கிறது. இது எனக்கு மூன்று வருடமாகத் தெரியும்.

எப்படி என்று கேட்பாய். நாம் கடன் வாங்கியபோது எட்டு லட்சம், பதினைந்து வருடம், எட்டு சதவீத வட்டி. முதல் மூன்று வருடத்துக்கு அந்த வட்டி மாறாது, அதற்குப் பிறகு சந்தை நிலவரப்படி என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. அந்த மூன்று வருடம் முடிந்த மாதமே கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து வீட்டுக்குத் தபால் வந்தது. இனி உங்கள் வட்டி பன்னிரண்டு சதவீதம், ஆனால் மாதத் தவணையில் மாற்றம் இல்லை என்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். கூட ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். மொத்தத் தவணை நூற்றெண்பது என்று இருந்த இடத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று இருந்தது. மாதம் ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து அப்படியே இருக்கும், மாதங்கள்தான் கூடிக்கொண்டே போகும். தவணை ஏறியிருந்தால் உன்னிடம் மறைத்திருக்கவே முடியாது. அது ஏறாததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

இத்தனைக்கும் உன் அம்மா யார்? தபால் ஆபீஸ் சிறுசேமிப்பு ஏஜெண்ட். இருபத்திரண்டு வருடமாகப் பழனிசெட்டிபட்டியிலும் தேனி பஜாரிலும் வீடு வீடாக ஏறி இறங்கி மாதச் சேமிப்பு வசூலிக்கிறவள். எந்தச் சீட்டில் பணம் போடலாம், எதில் போட்டால் மொட்டை அடிப்பார்கள் என்று தெருப் பெண்கள் எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். "அக்கா சொன்னாச் சரியா இருக்கும்" என்ற அந்த ஒரு வார்த்தைக்காக நான் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நீ சார்ஜா போகும்போது பவர் பத்திரத்தை என் பேருக்கு எழுதி வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கு மேல யாரு பாத்துக்கிருவாக" என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் எல்லார் முன்னாலும் சொன்னாய். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெருமைக்கு நான் கொடுத்த விலை இது. விலையைக் கொடுத்தது நான்கூட இல்லை, நீ.

முருகவேலைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. இரண்டு வங்கிகள் நம் மனைக்கு அங்கீகாரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியபோது, இந்தக் கடன் கம்பெனியின் தேனி கிளை ஆபீஸராக இருந்த முருகவேல்தான் மூலப்பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, நேரில் வந்து மனையை அளந்து, "நான் எழுதுறேன்க்கா" என்று சொல்லிக் கடனை வாங்கிக் கொடுத்தார். பால் காய்ச்சிய அன்று மனைவியோடு வந்தார். சும்மா வரவில்லை, பித்தளை அண்டாவும் ஆயிரத்தொரு ரூபாயும் செய்முறை செய்தார். அவர் மகள் சடங்குக்கு நான் பட்டுப்பாவாடையும் இரண்டாயிரமும் கொண்டுபோனேன். நம் பக்கத்தில் செய்முறை ஒரு தடவை போய் ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் அது சொந்தம்தான். அவர் என்னை அக்கா என்றார். நான் தம்பி என்றேன்.

அப்புறம் பேரன் கதிருக்குக் காதுகுத்து வந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகள் வசந்திக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அவள் பெரியப்பா மகன்கள் இடத் தகராறில் முறைத்துக்கொண்டு, மடியில் உட்கார வைக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீரபாண்டி கோயிலில் பந்தல் போட்டு, கிடாய் அறுத்து, ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார், பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் இல்லை. வசந்தி முகத்தை அன்றைக்கு நீ பார்க்கவில்லை. அப்போது முருகவேல் சட்டையைக் கழற்றித் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "என்னக்கா யோசன, நான் உக்காருறேன். நானும் தாய்மாமன்தான்" என்று வந்து உட்கார்ந்தார். நம் ஆட்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் ஒரு முறை முறைத்தேன், வாய் மூடிவிட்டார்கள். கதிர் அவர் மடியில்தான் அழுதான். அன்றிலிருந்து அவன் அவருக்கு மருமகன்.

அந்தத் தபால் வந்தது அதற்கு நாலு மாதம் கழித்து.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். மறுநாளே அட்டவணையைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வட்டியைக் குறைக்க முடியுமா, முடியாதென்றால் கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்கிறேன், பத்திரத்தைக் கொடுங்கள் என்று கேட்க வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். முருகவேல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "வாங்கக்கா, மருமகன் எப்படி இருக்கான்? காது ஆறிருச்சா?" என்றார். டீ வாங்கி வரச் சொன்னார். காது ஆறிவிட்டது என்றேன். டீயைக் குடித்தேன். "என்ன விசயமா வந்தீகக்கா?" என்று அவரே கேட்டார். இந்தப் பக்கமாக வசூலுக்கு வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். என் வாய்க்கு இந்த பஜாரே பயப்படும். ரேஷன் கடைக்காரன் என்னைக் கண்டால் எடையைச் சரியாகப் போடுவான். அந்த வாயை அன்று யாரோ தைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. தாய்மாமனாக உட்கார்ந்த மனிதனிடம் போய் உன் கணக்கு எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கொடுத்த செய்முறையைத் திருப்பி முகத்தில் வீசுகிற மாதிரி அல்லவா அது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அட்டவணையை இன்சூரன்ஸ் பத்திரங்களோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதே மாதம் நீ கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. "அம்மா, மூணு வருசம் முடிஞ்சிருச்சே, வட்டிய ஏத்திருவாகளாமே? ரூம்ல ஒரு மலையாளிப் பையன் வேற பேங்குக்கு மாத்திட்டானாம். நம்மளும் மாத்தணுமா?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அதே ஏழாயிரத்து அறுநூத்திச் சொச்சந்தான் பிடிக்கிறாக" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான். "அப்பச் சரிம்மா" என்று நீ அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீயும் நம்பினாய்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பின் தெருவில் இருக்கிற சரோஜா டீச்சருக்கும் இதே மாதிரிக் கடன், வேறொரு கம்பெனியில். அவளுக்கும் வட்டியை ஏற்றிவிட்டார்கள். என்னிடம்தான் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அட்டவணையைப் பார்த்தவுடன், "இன்னும் ஏன் அங்கன இருக்க? நாளைக்கே கெளம்பு" என்று அதட்டினேன். வில்லங்கச் சான்றிதழ் எடுக்க நானே கூடப் போனேன். பழைய கம்பெனிக்காரன் இழுத்தடித்தபோது நானே மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். ஒன்றரை மாதத்தில் அரசாங்க வங்கிக்கு மாற்றிவிட்டாள், அவளுக்கு ஏழு வருடம் குறைந்துவிட்டது. சந்தோஷத்தில் கம்பத்திலிருந்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வாங்கி வந்து கொடுத்தாள். அந்தத் திராட்சையை நான் தின்றேன் ராசா. வசந்திக்கும் கதிருக்கும் கழுவிக் கொடுத்தேன். பின் தெருக்காரிக்கு முழங்கிய வாய் சொந்த மகனுக்குத் திறக்கவில்லை. அன்றிலிருந்து சரோஜா எதிரே வந்தால் நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். அவளுக்கு ஏன் என்று தெரியாது, என் மேல் வருத்தமாக இருக்கிறாள்.

இந்த மூன்று வருடத்தில் நீ கட்டியது இரண்டே முக்கால் லட்சம். அசலில் குறைந்தது வெறும் இருபத்தையாயிரம். மீதி எல்லாம் வட்டி. நீ ஐம்பது டிகிரி வெயிலில் நின்று அனுப்பிய பணம். ஒவ்வொரு மாதமும் உன் பணம் வந்தது என்று பாஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டு அதை மூடி வைப்பேன். அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த மாதம் வந்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று இன்னும் பயம் கூடிவிடும். தப்பு சின்னதாக இருந்தபோது முருகவேல் முகத்துக்காக மறைத்தேன். பெரிதான பிறகு என் முகத்துக்காக மறைத்தேன். உண்மை அதுதான், முழுப் பழியையும் அந்த மனிதன் தலையில் போட நான் தயாராக இல்லை.

நீ ராஜினாமா என்று சொன்ன பிறகு என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் முருகவேலிடம் போனேன். டீ வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அட்டவணையை மேஜையில் வைத்து, "தம்பி, நான் கடன வேற பேங்குக்கு மாத்தப் போறேன். மூணு வருசமா ஒங்க கிட்டக் கேக்க முடியாமப் பூட்டி வச்சிருந்தேன். மருமகன மடியில வச்ச மனுசன் கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு இருந்துட்டேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அக்கா, நீங்க அன்னைக்குக் கேட்டிருந்தா அன்னைக்கே குறைச்சுக் குடுத்திருப்பேனே. கேக்குறவகளுக்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்கிக்கிட்டு வட்டியக் குறைக்கலாம். நாங்களாப் போயிச் சொல்லக் கூடாதுன்னு மேலருந்து உத்தரவு. நீங்க வெவரமானவுக, கேப்பீகன்னு நெனச்சேன். கேக்கலங்கவும், மகன் வெளிநாட்டுல சம்பாதிக்கிறான், கவலையில்ல போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

"நீங்க ஏன் தம்பி சொல்லல?"

"உத்தியோகம்க்கா." அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாக, "எங்க வீட்டுக்காரி பேர்ல இருக்குற லோன நாங்களே ரெண்டு தடவ பேங்கு மாத்திட்டோம். இதுல என்னக்கா இருக்கு? லோன் வேற, சொந்தம் வேற" என்றார்.

லோன் வேற, சொந்தம் வேற. அந்த நாலு வார்த்தையைக் கேட்க நான் மூன்று வருடமும் உன் பணமும் செலவழித்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அக்கா என்று கூப்பிட்டுவிட்டு உத்தரவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தாரே என்று. ஆனால் அவராவது சம்பளம் வாங்குகிற இடத்துக்கு உண்மையாக இருந்தார். நான் யாருக்கு உண்மையாக இருந்தேன்?

இனி என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். முடிவு உன்னுடையது. இன்றைக்கு அசல் பாக்கி ஆறு லட்சத்து எண்பத்தோராயிரம். அதே கம்பெனியில் கட்டணம் கட்டினால் வட்டியைப் பத்தரைக்குக் குறைக்கிறேன் என்கிறார் முருகவேல், பதினாலரை வருடம் ஆகும். அரசாங்க வங்கிக்கு மாற்றினால் ஒன்பதரை, பதின்மூன்று வருடம் ஆகும். ஆனால் முன்கூட்டி அடைப்பதற்கு இந்தக் கம்பெனி நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடிக்கும். அதோடு புது வங்கியின் செலவும் வக்கீல் செலவும் சேர்ந்து இருபதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும். அந்த ஒன்பதரையும் நிலையான வட்டி இல்லை, ஏறும் இறங்கும். நிலையான வட்டி என்று எவன் சொன்னாலும் எத்தனை வருடத்துக்கு என்று கேள், அந்த வருடம் முடிகிற மாதத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வை, அந்த மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் போய் நில். டீ கொடுத்தால் குடி, ஆனால் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுக் குடி.

என் பேரில் தபால் ஆபீஸில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. எனக்கு முடியாமல் போனால் யாரிடமும் கையேந்தக் கூடாது என்று சேர்த்தது. அதை எடுக்க நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், வேண்டாம் என்று நீ சொல்லக் கூடாது என்பதற்காக முந்திக்கொண்டேன். இருபதாயிரம் செலவுக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரத்தை அசலில் கட்டிவிட்டு வங்கியை மாற்றினால் ஒன்பது வருடம் இரண்டு மாதத்தில் முடியும். நீ போட்ட கணக்குக்கு இரண்டு மாதம்தான் கூடுதல். நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், வங்கியிலும் சரி என்றார்கள். ஆனாலும் இந்தத் தடவை நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே. தாள்களை எல்லாம் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நீயே போட்டுப் பார்.

புது வங்கிக்குப் புது பவர் பத்திரம் வேண்டும். அங்கே தூதரக ஆபீஸில் போய் நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதை வசந்தி பேருக்கு எழுது. என் பேரை எங்கேயும் போடாதே. அவள் பன்னிரண்டாவது படித்தவள், என்னைவிட நிதானமானவள். இத்தனை வருடமாகத் தபாலைப் பிரிப்பதும் பீரோ சாவியை இடுப்பில் செருகுவதும் நான்தான், அவளை ஒரு தாளைக்கூடத் தொட விட்டதில்லை. சாவியை இன்று காலையில் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லவும் செய்தேன். கதிரைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்தவளை உட்கார வைத்து, இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதிய அத்தனையும் சொன்னேன். நீ வருகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் மொட்டை மாடி ரூமைத் துடைத்துச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பேசிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பணம் எவ்வளவு போயிற்று என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள். அதற்கு நேராக இருந்த வருடத்தைப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவுக வரமாட்டாகளா அத்தை?"

ஒன்பது வருடம் இரண்டு மாதம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அவள் கேட்டது அந்தக் கணக்கை இல்லை. வருவான் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். மூன்று வருடமாக உனக்குப் பதிலாக நானே முடிவு செய்து, நானே பதில் சொல்லிவிட்டேன். இதற்கு நீ சொல்லு. எனக்கு வேண்டாம், அவளிடம் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா